பாசிட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா?

ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வலது பக்கத்துக்குத்தான். பாசிட்டிவ் என்றிருந்தால் முகம் வெளுத்துவிடும், நெகட்டிவ் என்றால் 'அப்பாடா'. கொரோனாவுக்கு அப்புறம் இந்தப் பழக்கம் நன்றாகவே ஊறிவிட்டது. ஆனால் லேபில் நாங்கள் அந்தச் சொல்லை எழுதும்போது நல்லது, கெட்டது எதையும் சொல்வதில்லை. தேடியது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ், அவ்வளவுதான். எதைத் தேடினோம் என்பது இடது பக்கத்தில் இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்சியில் புற்று உறுதியானதும் புற்றுச் செல்லில் சில குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.எச்.சி. என்றொரு பரிசோதனை செய்வோம். ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள்), ஹெர்2 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) என்று மூன்று வரிகள் வரும். முதல் இரண்டும் பாசிட்டிவ் என்றால் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது என்று பொருள். டமாக்சிஃபென் போன்ற மாத்திரையால் அந்த வழியை அடைக்கலாம். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் இந்த மருந்துகள் வேலை செய்யாது. போதாக்குறைக்கு, அந்த 'டிரிபிள் நெகட்டிவ்' வகை பொதுவாக வேகமாக வளரக்கூடியது. மூன்று நெகட்டிவைப் பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்லையாம்' என்று ஊருக்குப் போன் போடுபவர்கள் உண்டு. அந்த நிம்மதியில் டாக்டரைப் பார்க்கத் தாமதித்தால் வீணாவது சிகிச்சைக்கான நேரம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் 'மார்ஜின் நெகட்டிவ்' என்றிருந்தால் சந்தோஷப்படலாம். வெட்டியெடுத்த சதையின் ஓரத்தில் புற்றுச் செல் இல்லை.

கர்ப்பிணியின் ரத்த வகையில் வரும் நெகட்டிவ் நோயே இல்லை. சிவப்பணுவின் மேல் ஆர்.எச். டி என்ற பொருள் இல்லை, அவ்வளவே. கணவர் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால் தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கிவிடலாம். பெரும்பாலும் தலைப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடி விழுவது அடுத்த பாசிட்டிவ் பிள்ளைக்கு. அதைத் தடுக்கத்தான் 28வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்று. கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது பல வீடுகளில் தெரியாது.

காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்துக் காசநோய் என்று சொல்ல முடியாது. பி.சி.ஜி. தடுப்பூசியாலும் அப்படி வரலாம். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத் (எதிர்ப்பொருளை) தேடும் டெஸ்ட், மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் பாசிட்டிவாகவே காட்டும்.

தயவுசெய்து ரிசல்ட் வரியை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பரிசோதனையின் பெயரும் ரத்தம் எடுத்த தேதியும் தெரிய வேண்டும். எச்.ஐ.வி. விஷயத்தில் அந்தத் தேதிதான் முக்கியம். கிருமி தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்டில் தெரிய 90 நாள் வரைகூட ஆகலாம். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் வரும் நெகட்டிவை நம்பி இருந்துவிடக் கூடாது. அதேபோல முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்ததும் இடிந்து போகவும் வேண்டாம், வேறு கிட்களில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் இருந்து, அந்தச் சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.