‘லைன்’ என்றால் கோடு மட்டுமா?

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அக்கா மகன் வேலை தேடி மும்பை வந்தான். தாதரில் இறங்கியதும் எனக்குப் போன் போட்டான். “மாமா, நான் லைன்ல நிக்கேன்.” எனக்குப் பக்கென்றது. இந்த ஊரில் தண்டவாளத்துக்கும் லைன் என்றுதான் பேர். “எந்த லைன்லடா, தண்டவாளத்திலயா?” என்று கத்திவிட்டேன். “இல்ல மாமா, டிக்கெட் எடுக்க லைன்ல.” குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறினால்தான் செம்பூர் வரலாம் என்று சொல்வதற்குள், “லைன் சரியா கேக்கல மாமா” என்றான். ஒரு நிமிடப் பேச்சில் நாலு பொருளில் ஒரே சொல்.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்டால் பலரும் சட்டென்று ‘கோடு’ என்பார்கள். கோடு சரிதான், ஆனால் அது லைனின் ஒரு பொருள் மட்டுமே.

லைன் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி. நாம் ஆளிவிதை வாங்குகிறோமே, அதே செடிதான். அதன் தண்டு நாரைத் திரித்த நூலுக்கு லீனியா என்று பேர். லினன் துணியும் அந்த வேரில் வந்ததே. உடுப்பின் உள்பக்கம் லினன் வைத்துத் தைத்ததால்தான் தையற்காரர் சொல்லும் ‘லைனிங்’ வந்தது. ஆக, லைன் முதலில் வரைந்த கோடு அல்ல, இழுத்துப் பிடித்த நூல்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தாராவியில் ஒரு தச்சுப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். பெரியவர் ஒருவர் நூலைக் காவிப் பொடியில் புரட்டி, பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் விரலால் தூக்கிச் சுண்டிவிடுகிறார். பட் என்ற சத்தத்தோடு பலகையில் சிவப்பாக ஒரு கோடு விழுகிறது. நூல் கோடாக மாறும் அந்தக் கணத்தில் லைனின் வரலாறு முழுவதும் இருக்கிறது. அடுத்து அவர் சொன்னது: “ரெண்டு நூல் கூடுது, இழைச்சிரு.” நம் தச்சர்களுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பக்கத்தில் நின்ற உத்தரப்பிரதேசத்துப் பையன் அதையே இந்தியில் ‘ஸூத்’ என்றான். அதற்கும் பொருள் நூல், அளவும் அதே. ஆங்கிலேயருக்கும் லைன் ஒரு காலத்தில் ஓர் அளவாக இருந்தது, அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தையல் கடைகளில் சட்டைப் பொத்தானை 18 லைன் என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இன்னொரு கணக்கு: 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம்.

நூல் என்ற சொல்லை நம்மவர்கள் இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பது தச்சனின் நூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது படிக்கிற நூல் என்று நன்னூல் இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. ‘நூல் பிடித்தாற்போல்’ என்று இன்றும் சொல்கிறோம். லைனுக்கு உடன்பிறப்பு தமிழில் தேடினால் எனக்கு நூல்தான் கிடைக்கிறது.

கோடு வேறு குடும்பம். பழந்தமிழில் யானையின் தந்தமும் கோடு, மரக்கிளையும் கோடு, மலைமுகடும் கோடு. கோடுதல் என்றால் வளைதல். துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாதிருப்பதை வள்ளுவர் ‘கோடாமை’ என்கிறார் (குறள் 118). அதனால்தான் நேராக இருக்க வேண்டுமென்றால் ‘நேர்கோடு’ என்று சேர்த்துச் சொல்கிறோம்.

மற்ற இடங்களில் தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. ஆள் நின்றால் வரிசை, எறும்பு போனால் சாரை. உரைநடையில் வரி, செய்யுளில் அடி. ‘எந்த லைன்ல இருக்கீங்க?’ என்று தொழிலைக் கேட்டால் துறை. டெட்லைனுக்குக் கெடு என்று ஈரெழுத்தில் கூர்மையான சொல் இருக்கிறது, ‘காலக்கோடு’ என்று புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஆன்லைனுக்கு இணையவழி போதும். மும்பை லோக்கலை லைஃப்லைன் என்பதை ‘உயிர்க்கோடு’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், உயிர்நாடி என்று சொன்னால்தான் துடிக்கும்.

ரயில் லைனுக்குத் தடம். 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியதே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அது போனது இருப்புப்பாதையில். ‘ரயில் தடம் புரண்டது’ என்று செய்தித்தாள் இன்றும் எழுதுகிறது. ஆகவே மேற்குத் தடம், மத்தியத் தடம் என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஆனால் பேச்சில் ஹார்பர் லைன் ஊர்ப்பெயர் மாதிரி ஊறிவிட்டது, அதை மாற்ற நான் சொல்லமாட்டேன்.

மரீன் லைன்ஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்தப் பெயரைக் கடலோர ரயில் பாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதை அல்ல, வீடு. ஆங்கிலேயர் காலத்து மரீன் பட்டாளத்தின் குடியிருப்பு அங்கே இருந்தது. படைவீரர்களுக்கு வரிசையாகக் கட்டிய கொட்டடிகளை ‘லைன்ஸ்’ என்பது அவர்கள் வழக்கம். டெல்லியின் சிவில் லைன்ஸும் அந்த வழக்கத்தில் வந்ததே. அதே சொல் கடல் தாண்டி இலங்கை மலையகத்துக்கும் போனது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒற்றையறை வரிசை வீடுகளுக்கு அவர்கள் வாயில் ‘லயம்’ என்று பேர். தாளத்தின் லயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆங்கில லைன்தான் தமிழ் உருவெடுத்து நிற்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் அது ‘லைன் வீடு’. இங்கே மும்பையில் அதே அமைப்புக்கு மராத்தியில் சால்: நீள வராந்தா, வரிசைக் கதவுகள், ஒரு பொதுக்குழாய். அக்கா மகன் இப்போது தாராவியில் அப்படியொரு அறையில்தான் மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். அம்மாவிடம் போனில், “லைன் வீடு மாதிரிதாம்மா” என்று சொன்னான். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது.