கால் மரத்துப்போனால் வழக்கு நிற்குமா?

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். 2024 ஜூனில் சிங்கப்பூர்க் கடலில் எண்ணெய் கசிந்தபோது அவர் தம்பி கடற்கரையைச் சுத்தம் செய்த குழுவில் இருந்தாராம். இப்போது இரண்டு பாதமும் மரத்துப்போகிறதாம். "எண்ணெய்தான் காரணமா அண்ணா? வக்கீலைப் பார்த்தா வழக்கு நிக்குமா?"

சம்பவம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வோக்ஸ் மாக்ஸிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த மரீன் ஹானர் என்ற எரிபொருள் கப்பல் மீது மோதியது. சுமார் 400 டன் எரிபொருள் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட், லாப்ரடார் என்று கரையெல்லாம் கறுத்துப்போக, பலர் வெயிலில் நின்று அந்த மணலை வாரினார்கள்.

எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதல் ஓரிரு நாளிலேயே ஆவியாகிவிடும். பென்சீன், டொலுவீன், சைலீன், ஹெக்சேன் எல்லாம் இந்த வகைதான். மூச்சில் போனால் தலைவலி, கிறுகிறுப்பு வரும், அதை விடுவோம். நான் சொல்ல ஆசைப்படுவது ஹெக்சேன் கதை.

ஹெக்சேன் ஆறு கார்பன் கொண்ட ஒரு நேர்ச் சங்கிலி. அது தன்னளவில் நரம்பை அரிப்பதில்லை. நம்மைக் காப்பாற்ற நினைக்கும் கல்லீரல்தான் அதை விஷமாக்குகிறது. நீரில் கரைத்து வெளியேற்றிவிடலாம் என்று சங்கிலியின் இரண்டாம் கார்பனிலும் ஐந்தாம் கார்பனிலும் ஆக்சிஜனை மாட்டிவிடுகிறது. 2,5-ஹெக்சேன்டையோன் பிறக்கிறது. அந்த இரண்டு ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம். புரதங்களில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியை இரண்டு பக்கமும் பிடித்து வளையமாக மூடிவிட அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே ஆக்சிஜன்கள் 2, 4 என்ற இடங்களிலோ 2, 3 என்ற இடங்களிலோ இருந்தால் வளையம் மூடாது, நரம்பும் கெடாது. ஒரு கார்பன் தள்ளி உட்கார்ந்தால் விஷம் விஷமில்லாமல் போகிறது! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நரம்பிழைக்குள் நியூரோஃபிலமென்ட் என்ற நூல் போன்ற புரதங்கள் முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாத வேகத்தில். அந்த வளையங்கள் பக்கத்துப் பக்கத்து நூல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகின்றன. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து வரிசை நகர்கிறது, வழியில் இரண்டு காவடிகளின் அலங்காரம் சிக்கிக்கொள்கிறது, பின்னால் வருபவர்கள் எல்லாம் அங்கேயே தேங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பிழை ஏற்கெனவே குறுகும் கணுக்களுக்கு அருகே நூல்கள் இப்படித் தேங்கி, இழை வீங்கிவிடும். நீளமான நரம்புக்குத்தான் அடி முதலில் விழும். அதனால்தான் மரத்துப்போவது பாதத்தில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது, அப்புறம்தான் கைவிரல்.

ஹெக்சேன் புழங்கும் வேலையை விட்ட பிறகும் சில வாரம், இரண்டு மூன்று மாதம்கூட, நோய் முற்றிக்கொண்டே போகும், பிறகே மெல்லத் தேறும். தம்பிக்கு எப்போது தொடங்கியது என்று வாசகி எழுதவில்லை, ஆனால் முதல் கேள்வி அதுதான். ஓராண்டு கழித்துத் தொடங்கியிருந்தால் ஹெக்சேன் மேல் எனக்குச் சந்தேகம் வராது. தவிர, கசிந்தது கனமான எரிபொருள், அதில் ஹெக்சேன் குறைவு. இந்த நோய் பெரும்பாலும் பசை, கரைப்பான் புழங்கும் மூடிய பட்டறைகளில் மாதக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு வந்தது. நம் ஆட்களிடையே சர்க்கரை நோயும் அதிகம், அதுவும் பாதத்தில்தான் தொடங்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவதும் சர்க்கரை அளவைத்தான்.

வழக்குக்கு இடைஞ்சல் என்னவென்றால், ஹெக்சேன்டையோன் சிறுநீரில் சில நாள்தான் இருக்கும். நரம்பு மரத்துப்போய் ஆள் டாக்டரிடம் போகும்போது சாட்சி கழிந்துபோயிருக்கும். மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து, எண்ணெய் கடலில் கசிந்தது. சுத்தம் செய்தவர்களில் சுமார் 33,000 பேரைச் சேர்த்த பெரிய சுகாதார ஆய்வு ஆள் சேர்க்கத் தொடங்கியதோ 2011-இல். பின்னாளில் நோய் வந்ததாக வழக்குப் போட்ட பலர் தோற்றார்கள். எந்த ரசாயனம், எவ்வளவு, எத்தனை நாள் என்று அவர்களுடைய நிபுணர்களால் காட்ட முடியவில்லை. எண்ணெய் கசிந்த முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு சிறுநீர்க் குப்பியை உறையவைக்க எவ்வளவு செலவாகும்? ஆராய்ச்சிப் பணம் அந்த முதல் வாரத்துக்கே ஒதுக்கப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே சட்டத்தில் இரண்டு வழி உண்டு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஒர்க் பெர்மிட்டில் வந்த ஊழியருக்கும் பொருந்தும், முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் வேலையால் வந்தது என்று மருத்துவர் சொல்லவேண்டும், ஓராண்டுக் கெடுவும் உண்டு. இன்னொன்று நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. அதில் தவறை நிரூபிக்கவேண்டும், பொதுவாக 3 ஆண்டு அவகாசம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ப்ரோ போனோ எஸ்ஜி இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது, வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளும் துணை நிற்கின்றன.

அந்த அக்காவுக்கு: மரத்துப்போனதற்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊருக்குப் போன் போட்டு மாதக்கணக்கை வீணாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை, பி12 பரிசோதனை, அங்கிருந்து, நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்குக் கடிதம். எந்தத் தேதியில் எந்தக் கரையில் எத்தனை மணி நேரம், முகக்கவசம் எது, கூட நின்றது யார் யார் என்று தம்பியை இன்றே எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்கள் எதையும் அழிக்கவேண்டாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அதையெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.