பதிவேட்டைக் குறுக்கே படியுங்கள்

வருகைப் பதிவேட்டில் கீழ்வரிக் கூட்டலைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். இன்று வந்தவர்கள் இத்தனை பேர், இத்தனை சதவீதம் என்று போட்டதும் வேலை முடிந்தது. 95 சதவீதம் வந்துவிட்டால் தலைமையாசிரியருக்கும் திருப்திதான்.

அந்த 95-ஐப் பிரித்துப் பார்ப்போம். 40 பேர் படிக்கும் வகுப்பு, 200 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் 400 விடுப்பு வருகிறது. அதில் 300 விடுப்பு பத்தே பிள்ளைகளுடையதாக இருக்கலாம், ஆளுக்கு 30 நாள். அதாவது வகுப்பில் கால்வாசிப் பேர் ஆறு வாரப் பாடத்தைக் கேட்கவே இல்லை. சராசரி இதைச் சொல்லாது. பதிவேட்டைக் குறுக்கே, ஒவ்வொரு பெயராகப் படித்தால்தான் தெரியும்.

வேலை நாட்களில் 10 சதவீதம் போனாலே கவலைப்பட வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் அளவுகோல். மாதத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கு அது. இந்த அளவை எட்டுவதைத்தான் 'நாள்பட்ட விடுப்பு' என்கிறார்கள். ஆகவே முதல் மாத முடிவிலேயே பட்டியல் எடுத்துவிடலாம், அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சலா, வேறு காரணமா என்று பிரிப்பதெல்லாம் அப்புறம். எந்தக் காரணமானாலும் போன பாடம் போனதுதான்.

அடுத்த வேலையைப் பல பள்ளிகள் செய்வதே இல்லை. விடுப்புத் தேதிகளையும் பாடவாரியான மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கணக்கு வராது' என்று நாம் முடிவுகட்டிய பிள்ளை, பின்னங்கள் நடத்திய வாரம் முழுக்க வராமல் இருந்திருக்கும். பின்னம் புரியாததால் விகிதமும் வரவில்லை, அதனால் சதவீதமும் வரவில்லை. அவளுக்கு மொத்தக் கணக்கையும் திரும்ப நடத்த வேண்டாம், அந்த ஒரு வாரம் போதும். விடுப்பு குறிப்பிட்ட கிழமையிலேயே விழுகிறதென்றால், அன்றைய கால அட்டவணையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் காரணம் நம் பக்கமே இருக்கும்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பது பலருக்குச் சரியாகத் தெரியாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டாட் ரோஜர்ஸ், ஆவி ஃபெல்லர் என்ற ஆய்வாளர்கள் மொத்த விடுப்பு எண்ணிக்கையைச் சொல்லும் கடிதங்களை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நாள்பட்ட விடுப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது என்று 2018-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மிரட்டல் தொனி வேண்டாம், எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

பட்டியலை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். அது வகுப்பாசிரியரிடமும், அந்தப் பிள்ளையிடம் பேசப்போகும் ஒருவரிடமும் இருந்தால் போதும். அந்த ஒருவர் யார் என்று பெயர் எழுதாமல் ஆசிரியர் கூட்டத்தை முடிக்காதீர்கள்.