பதினாலு எப்படி நாலு ஆனது?

கட்டுப்பாட்டு அறையில் சொல்வது “பதினாலாம் ரேக் (ரயில்பெட்டித் தொடர்), புறப்படலாம்”. மறுமுனையில் கேட்பது “நாலாம் ரேக், புறப்படலாம்”. பழைய அனலாக் ரேடியோவை எடுத்துவிட்டு சேனல்களைப் பொதுவாக வைத்துக் கேட்பவருக்கு ஒதுக்கும் டிஜிட்டல் டிரங்கிங் ரேடியோவுக்கு மாறும் ரயில் நிறுவனங்கள் முதலில் சந்திக்கும் தொல்லைகளில் இது ஒன்று. செட்டில் பழுது எதுவும் இருக்காது. பழைய வாக்கி-டாக்கியில் பொத்தானை அழுத்திய கணமே அலை கிளம்பிவிடும். டெட்ரா என்ற டிஜிட்டல் டிரங்கிங் வகைச் செட் முதலில், ஒதுக்கீட்டுக்கென்றே உள்ள கன்ட்ரோல் சேனலில் இடம் கேட்கும். ஒதுக்கீடு வந்த பிறகுதான் குரலை அனுப்பும். அதற்குச் சுமார் 0.3 நொடி ஆகும். அதற்குள் பேசத் தொடங்கினால் ‘பதி’ வெட்டுப்பட்டு ‘நாலு’ மட்டும் போய்ச் சேரும். பீப் சத்தம் வந்தபின் பேசுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் பழைய பழக்கம் விரலில் ஊறியிருக்கும். “கன்ட்ரோல், கன்ட்ரோல்” என்று கூப்பிட்டுவிட்டு எண்ணைப் பிறகு சொல்வதை விதியாக்கிவிட்டால், வெட்டுப்படுவது கூப்பாடு மட்டும்தான்.

அந்தத் தாமதத்துக்கு ஈடாகக் கிடைப்பதும் உண்டு. சென்னைப் புறநகர் ரயிலில் மோட்டார்மேனும் கார்டும் வைத்திருக்கும் விஎச்எஃப் வாக்கி-டாக்கியில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே பேச்சு. இருவர் சேர்ந்து அழுத்தினால் வலுவான சிக்னல் ஜெயிக்கும். தோற்றவருக்குத் தன் பேச்சு போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. மெட்ரோ பயன்படுத்தும் டெட்ரா, 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனல் ஒன்றை 4 நேரத் துண்டுகளாகப் பிரித்து, எது காலியோ அதைக் கேட்டவருக்குக் கொடுக்கிறது.

ஆனால் பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய கைச்செட் 5 வாட், அதாவது சிக்னல் சக்தியை டெசிபலில் சொல்லும் அலகில் 37 டிபிஎம். டெட்ரா கைச்செட் பெரும்பாலும் 1 வாட், 30 டிபிஎம். 7 டெசிபல் காணாமல் போகிறது. கோபுரத்தில் இருப்பதோ 25 வாட் ரேடியோ நிலையம். ஆகவே ஊழியருக்குக் கன்ட்ரோல் பேசுவது தெளிவாகக் கேட்கும். அவர் பேசுவது கன்ட்ரோலுக்குக் கேட்காது. போதாததற்கு, அனலாகில் சிக்னல் தேயத் தேய இரைச்சல் கூடும்; பழகிய காது அதற்குள்ளிருந்தும் சொல்லைப் பொறுக்கிவிடும். டிஜிட்டலில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று துண்டு துண்டாகி அறுந்துபோகும். எனவே பழைய கவரேஜ் வரைபடத்தை நம்பக்கூடாது. தடம் முழுக்க நடந்து அளக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று எடுத்த அளவும் பயன்படாது: 400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 செ.மீ.; 40 அலைநீளத்துக்கு, அதாவது 30 மீட்டருக்கு, 50 அளவுகள் எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை.

சுரங்கத்தில் கோபுரத்தால் வேலையில்லை. அங்கே சுவரோடு ஓடும் கசிவுக் கேபிள்தான் ஆன்டெனா. அதன் வெளிச் செம்புறையில் வரிசையாகத் துளைகள். நீளம் நெடுகச் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தடித்த கேபிளில் 400 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 3 டெசிபல் இழப்பு. கேபிளிலிருந்து 2 மீட்டர் தள்ளியிருக்கும் செட்டை எட்டுவதற்குள் இன்னும் சுமார் 70. ரயில் பெட்டியின் உலோகமும் நிற்கும் கூட்டமும் சேர்ந்து ஒரு 20 விழுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிபிஎம் கைச்செட் 500 மீட்டர் தொலைவிலிருந்து பேசினால் ரேடியோ நிலையத்துக்கு வந்து சேர்வது மைனஸ் 75 டிபிஎம். டெட்ராவுக்கு மைனஸ் 103 வரை போதும் என்பதால் இது தாராளம். அதே கேபிளை இரண்டு கிலோமீட்டர் இழுத்தால் மைனஸ் 120, பேச்சே கிடையாது. அதனால்தான் இரு ரயில் நிலையங்களிலிருந்தும் கேபிளுக்குச் சிக்னலை எதிரெதிராக ஊட்டுகிறார்கள். கேபிளைக் கான்கிரீட்டில் ஒட்டிப் பொருத்தினால் இழப்பு கூடும். கிளிப் வைத்துச் சில சென்டிமீட்டர் தள்ளி, துளைகள் தண்டவாளப் பக்கம் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். எல்லாக் கிளிப்பும் பிளாஸ்டிக்காக இருக்கவும் கூடாது. தீப்பிடித்தால் உருகி, வெளியேறும் பயணிகள் தலையில் கேபிள் விழும். இடையிடையே உலோகக் கிளிப் போடுவது அதற்காகத்தான்.

வெளியே, கடற்காற்று. மொட்டைமாடி ஆன்டெனாவின் கனெக்டரைத் திருகிக் கழற்றினால் நடு ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கேபிளைச் சற்றுச் சாய்த்தால் உறைக்குள்ளிருந்து ஒரு சொட்டு நீர். ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண் விஎஸ்டபிள்யூஆர். அது 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம்தான். 3 ஆகிவிட்டால் 25 சதவீதம். புது ரேடியோ வாங்கிவிட்டு இந்தப் பழைய கேபிளையே வைத்துக்கொள்வது வீண் சிக்கனம். ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மடிப்புகள் ஓடு வேய்ந்ததுபோல் மழைநீரை வழியவிடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை ஏந்தும் கிண்ணம். கேபிள் அறைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாற்றத்தை ஒரே இரவில் முடிக்க முடியாது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே கிடைப்பது சில மணி நேரம்தான். பணிமனை பணிமனையாக மாற்றும்போது பழைய சேனலையும் டெட்ராவின் புதிய பேச்சுக் குழுவையும் கேட்வே என்ற இணைப்புக் கருவி ஒன்று இணைத்துவைக்கும். அதை ஒரே இடத்தில் மட்டும் இணையுங்கள். இரண்டு இடத்தில் இணைத்தால் ஒருவர் பேச்சு ஒன்றின் வழியே போய் மற்றொன்றின் வழியே திரும்பி வந்து, பொத்தானை விட்ட பிறகும் சேனல் விடுபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ரிப்பீட்டரை (அனலாக் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவியை) அணைக்கும் நாளை அக்டோபருக்கு முன் குறிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஜனவரியில் எல்லா ஆன்டெனாவிலும் விஎஸ்டபிள்யூஆரை மறுபடி அளந்த பிறகு அணைக்கலாம்.