ஒரு மணி நேர விமானப் பயணத்தில் பிசினஸ் கிளாஸ்: கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

குறுந்தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸை முதன்முறை எடுப்பவர்கள் கேட்பது "சீட் எப்படி? சாப்பாடு எப்படி?" என்பதைத்தான். வேலை நிமித்தமாக அடிக்கடி பறப்பவர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் கேட்பதில்லை. மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டால் முந்தைய ஃபிளைட்டுக்கு மாறலாமா, ஃபிளைட் ரத்தானால் அடுத்ததில் நிச்சயம் இடம் கிடைக்குமா, இறங்கிய பிறகு எத்தனை நிமிடத்தில் டாக்ஸியில் உட்காரலாம் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். அலுவலகங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தரும் எங்களுக்கு இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படும். மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் பிரீமியம் டிக்கெட்டின் மதிப்பு பெரும்பாலும் தரையில்தான் கிடைக்கிறது. அது தெரியாமல் வாங்கினால் பணம் போகும், நேரம் மிஞ்சாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அட்டவணையில் 1 மணி 15 நிமிடம் என்று இருந்தால், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரையான நேரம் அது. ரன்வேக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் ஊர்ந்து வருவதும் சேர்ந்தாலே 15 முதல் 20 நிமிடம் ஆகிவிடும். மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணையும் வரை லேப்டாப்பைத் திறக்க முடியாது. இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே மூடி வைக்கச் சொல்லிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது சுமார் 30 நிமிடம். அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தட்டும் வந்தால் லேப்டாப் வைக்க இடமிருக்காது. நல்ல சாப்பாட்டுக்காகக் காசு கொடுத்தவர் வேலை செய்யும் நேரத்தை இழக்கிறார். இதனாலேயே பழகிய பயணிகள் பலர் விமான நிலைய லவுஞ்சில் (காத்திருப்பு அறையில்) சாப்பிட்டுவிட்டு, விமானத்தில் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

விமானத்துக்குள் வைஃபைக்குத் தனியாகப் பணம் கட்டுவதும் இதே கணக்கில்தான் அடிபடுகிறது. இணைப்பு கிடைத்து, உள்நுழைந்து, மின்னஞ்சல் இறங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். தேவையான கோப்புகளை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்வது மேல். சீட்டில் இருக்கும் பழைய வகை யூ.எஸ்.பி. துளை போனுக்குப் போதும், லேப்டாப்பை ஏற்றாது. லேப்டாப்பை முழு சார்ஜோடு கொண்டு வாருங்கள்.

எத்தனை ஃபிளைட் இருக்கிறது என்பதே முதல் வசதி

வணிகப் பயணிகளுக்கு என்ன வேண்டும் என்பதை விமான நிறுவனங்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டன. 1959-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ – சாவ் பாவ்லோ வழித்தடத்தில் போட்டி நிறுவனங்களே கைகோத்து 'வான் பாலம்' என்ற பெயரில் அடுத்தடுத்து விமானங்களை விட்டன. 1961-இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களுக்கு இடையே ஷட்டில் சேவையைத் தொடங்கியது. அதில் முன்பதிவு இல்லை, சீட் எண் இல்லை, சாப்பாடும் இல்லை. வந்தவருக்கு இடம் உறுதி என்பது மட்டுமே வாக்குறுதி. விமானம் நிறைந்துவிட்டால் இன்னொரு விமானத்தைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். எந்த உபசரிப்பும் இல்லாத அந்தச் சேவைக்கு வணிகப் பயணிகள் திரண்டு வந்தார்கள்.

ஸ்பெயினில் மாட்ரிட் – பார்சிலோனா இடையே 1974-இல் இதே பாணியில் சேவை தொடங்கியது. 2008-இல் அதிவேக ரயில் வந்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் விமானப் பயணிகளில் பெரும்பகுதி ரயிலுக்கு மாறியது. வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் மொத்த நேரமும் அதன் நிச்சயமும்தான் அவர்கள் பார்த்தது.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த நிறுவனத்துக்கு அதே வழித்தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஃபிளைட் என்பதை. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று ஓட்டும் நிறுவனத்தின் எகானமி டிக்கெட், காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் மட்டும் ஓட்டும் நிறுவனத்தின் பிசினஸ் கிளாஸை விடப் பல நேரம் உபயோகமானது. ரத்தானால் மாற்றிவிட அவர்களிடம் விமானம் இருக்கும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குறுந்தூர விமானம் ஒன்று ஒரே நாளில் ஐந்து, ஆறு முறை பறக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கி, ஆளை ஏற்றி, மறுபடி கிளம்ப ஒதுக்கியிருப்பது 30 முதல் 45 நிமிடம்தான். காலையில் 40 நிமிடம் தவறினால் அந்தத் தாமதம் மாலை வரை உருண்டு வரும். அதிகாலையின் முதல் ஃபிளைட்டுக்கான விமானம் பெரும்பாலும் இரவே வந்து நின்றிருக்கும். அதனால் அது நேரத்துக்குக் கிளம்ப வாய்ப்பு அதிகம். கடைசி ஃபிளைட்டில் இரண்டு ஆபத்து: நாள் முழுக்கச் சேர்ந்த தாமதம் அதன் தலையில் விழும், ரத்தானால் இரவு அங்கேயே தங்க வேண்டும். "நேரந்தவறாமை 90 சதவீதம்" என்று விளம்பரம் கண்டால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 15 நிமிடத்துக்குள் தாமதமானால் அதையும் 'சரியான நேரம்' என்றே கணக்கிடுவது விமானத் துறையின் வழக்கம்.

டிக்கெட்டின் விதிகள், சீட்டின் விதிகள் அல்ல

எங்கள் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றம் தருவது இதுதான். பிசினஸ் கிளாஸ் என்றாலே எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். டிக்கெட்டில் வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: ஜே, சி, டி, ஐ, இசட் என்று. ஒரே சீட்டுக்குப் பல விலை, பல விதி. சலுகை விலையில் வாங்கிய பிசினஸ் டிக்கெட்டை மாற்றவே முடியாமல் போகலாம். முழுக் கட்டண எகானமி டிக்கெட் அதைவிடத் தாராளமாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் இவற்றை எழுத்தில் பாருங்கள்: கிளம்புமுன் மாற்றினால் என்ன கட்டணம், விமானத்தைத் தவறவிட்டால் என்ன கிடைக்கும், அதே நாளில் வேறு ஃபிளைட்டுக்கு மாறத் தனிச் சலுகை உண்டா, ரத்து செய்தால் பணமாகத் திரும்புமா, அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்வார்களா.

'மாற்றுக் கட்டணம் இல்லை' என்ற வரி தனிப் பொறி. அபராதம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அன்றைய விலைக்கும் நீங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும். கடைசி நேரத்தில் அந்த வித்தியாசம் அபராதத்தை விடப் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று, போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, போகும்போது சக ஊழியரின் காரிலோ ரயிலிலோ போய்விடுவது. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் தானாகவே ரத்தாகிவிடும் என்பது பல நிறுவனங்களின் விதி. திரும்பி வரும்போது கவுன்டரில்தான் இது தெரியவரும். திட்டம் மாறினால் ஃபிளைட் கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் சொல்லி டிக்கெட்டை மாற்றி வாங்க வேண்டும்.

பட்ஜெட் குறைவாக இருந்தால் நாங்கள் சொல்வது, பணத்தைத் திரும்பும் பயணத்தில் போடுங்கள் என்பதே. காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது முன்பே தெரியும், அதற்கு மலிவான, மாற்ற முடியாத டிக்கெட் போதும். மாலையில் மீட்டிங் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நெகிழ்வான டிக்கெட் அங்கேதான் பயன்படும்.

ஃபிளைட் ரத்து என்று அறிவித்ததும் எல்லோரும் கவுன்டர் வரிசைக்கு ஓடுவார்கள். வரிசையில் நில்லுங்கள், ஆனால் நின்றபடியே செயலியில் மாற்று ஃபிளைட்டைத் தேடுங்கள், கூடவே போனிலும் கூப்பிடுங்கள். பிரீமியம் டிக்கெட்காரருக்கும் உறுப்பினர் அட்டை உள்ளவருக்கும் தனித் தொலைபேசி எண் இருந்தால் அதை முன்பே போனில் பதிந்து வையுங்கள். லவுஞ்சின் உண்மையான பலனும் இந்த நேரத்தில்தான் தெரியும். சில நிறுவனங்களின் சொந்த லவுஞ்சில் டிக்கெட் மாற்றித் தரும் ஊழியர் இருப்பார், அங்கே வரிசையும் குறைவு. பல நிறுவனங்களுக்குப் பொதுவான லவுஞ்சில் இந்த வசதி இருப்பது அரிது. கனெக்டிங் ஃபிளைட் இருந்தால் இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம்

குறுந்தூர பிசினஸ் கிளாஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரிசைக்கு இரண்டு-இரண்டாக அகலமான தனி சீட். இன்னொன்று ஐரோப்பாவில் பரவலான முறை: எகானமியின் அதே மூன்று-மூன்று சீட்தான், நடு சீட்டில் யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள், பின்னால் ஒரு திரை. டிக்கெட் விற்ற எண்ணிக்கையைப் பொறுத்து அந்தத் திரையை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். கால் நீட்டும் இடம் பெரும்பாலும் எகானமியில் உள்ளதேதான். இதில் கிடைப்பது தோளுக்கும் கைக்கும் இடம், பக்கத்தில் ஆள் இல்லாத அமைதி. லேப்டாப்பில் ரகசியக் கணக்கு பார்க்கிறவருக்கு அதுவே பெரிது. எந்த வகை என்று தெரியாமல் வாங்கி ஏமாறாதீர்கள், நிறுவனத்தின் சீட் வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எம்ப்ரேயர் ஈ-ஜெட் என்ற சிறிய ஜெட் விமானங்களின் எகானமியே இரண்டு-இரண்டு அமைப்பு, நடு சீட் கிடையாது. அங்கே நடு சீட்டுக்குப் பயந்து மேல் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.

முதல் வரிசைதான் சிறந்தது என்பது பாதி உண்மை. அங்கே முன்னால் சீட் இல்லாததால் பையைக் காலடியில் வைக்க முடியாது. மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. லேப்டாப் பையைக் கையெட்டும் தூரத்தில் வைக்க விரும்புபவர்க்கு இரண்டாம் வரிசை மேல். ஏடிஆர் வகை டர்போபிராப் (இறக்கையில் விசிறி சுழலும் சிறிய) விமானத்தில் கணக்கே தலைகீழ். முன்பகுதியில் சரக்கு அறை இருக்கிறது, பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால். சீக்கிரம் இறங்க வேண்டுமென்றால் கடைசி வரிசைகளைக் கேளுங்கள்.

சீக்கிரம் இறங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவையும் டெர்மினலையும் இணைக்கும் நடைபாதை) இருந்தால் முன் சீட்காரர் முந்துவார். விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் போக வேண்டியிருந்தால், முதலில் இறங்கியவர் பஸ் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். அப்போது பஸ்ஸின் உள்ளே போகாமல் கதவோரம் நில்லுங்கள், டெர்மினலில் முதலில் இறங்கலாம். பிரீமியம் பயணிகளுக்குத் தனி வண்டி உண்டா என்று முன்பே விசாரிப்பது நல்லது.

பை

ஹேண்ட் லக்கேஜோடு மட்டும் போவதுதான் அடிக்கடி பறப்பவர்களின் வழக்கம். லக்கேஜ் பெல்ட்டில் காத்திருக்கும் நேரம் மிச்சம், செக்-இன் கவுன்டர் மூடும் நேரமும் பிரச்சினையில்லை. முன்னதாக ஏறும் உரிமையின் பயன் உட்காருவதில் இல்லை, தலைக்கு மேலுள்ள அறையில் பைக்கு இடம் பிடிப்பதில் இருக்கிறது. அது நிறைந்துவிட்டால் கேட்டிலேயே பையை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள்.

அப்படிக் கொடுக்க நேர்ந்தால், கொடுக்கும் முன் பவர் பேங்க்கையும் உதிரி பேட்டரிகளையும் கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் யாரும் அணைக்க முடியாது என்பதால் அவற்றைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி (பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதலோடு. பேட்டரியில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20,000 என்றிருந்தால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே சில நிறுவனங்கள் தடை செய்துள்ளன. மருந்து, அடையாள அட்டை, லேப்டாப் மூன்றும் எப்போதும் சிறிய பையில் தனியாக இருக்கட்டும், கேட்டில் அவசரமாகத் தேட வேண்டியிராது.

கீழ் வகுப்புக்கு மாற்றினால்

கடைசி நேரத்தில் வேறு விமானம் வந்து, பிசினஸ் கிளாஸ் சீட் குறைந்துபோவது குறுந்தூரத்தில் அடிக்கடி நடக்கும். எகானமியில் உட்காரச் சொன்னால் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டண வித்தியாசத்தைக் கேட்காமல் விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி, 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்தில் கீழ் வகுப்புக்கு மாற்றினால் டிக்கெட் விலையில் 30 சதவீதத்தை ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மற்ற இடங்களில் அந்தந்த நாட்டு விதியும் நிறுவனத்தின் ஒப்பந்த விதியும் பொருந்தும். பணம் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ், வகுப்பும் விலையும் தெரியும் டிக்கெட் ரசீது மூன்றையும் படம் பிடித்து வைத்து, அன்றே எழுத்தில் கோருங்கள். அலுவலகம் பணம் கட்டிய டிக்கெட் என்றால், ரசீதில் நிறுவனப் பெயரும் வரி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் தொகை எந்த அட்டையில் கட்டினீர்களோ அதற்கே போகும் என்பதால், கணக்குப் பிரிவுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.