பழைய கணினியில் நெட்வொர்க் கார்டு: விளக்கு எரிந்தும் இணைப்பு வராதது ஏன்?

1990களின் கணினி ஒன்றில் நெட்வொர்க் கார்டைச் செருகியாயிற்று. பின்புறம் பச்சை விளக்கு எரிகிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் முணுமுணுக்காமல் ஏறிவிட்டது. ஆனால் வேறொரு கணினிக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) கொடுத்தால் பதில் இல்லை. இந்த இடத்தில் பலரும் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது.

மதர்போர்டில் வெள்ளையான, குட்டையான பிசிஐ ஸ்லாட் (கார்டு செருகும் பள்ளம்) இருந்தால் ரியல்டெக் 8139 சிப் உள்ள கார்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கார்டுக்குத் தேவையான முகவரியையும் இன்டரப்டையும் (பிராசஸரைக் கூப்பிடும் அழைப்பு) கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் நிரலே ஒதுக்கிவிடும். ஒரே இன்டரப்டை இரண்டு கார்டுகள் பகிர்ந்துகொள்ளவும் முடியும். கறுப்பான, நீளமான ஐஎஸ்ஏ ஸ்லாட் மட்டும்தான் என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஐஎஸ்ஏ கார்டுக்கு இரண்டு எண்கள் தேவை. ஒன்று ஐ/ஓ முகவரி: பிராசஸர் கார்டோடு பேசும் வாசல். மற்றொன்று ஐஆர்கியூ, அதாவது இன்டரப்ட் எண்: பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டு) வந்ததும் பிராசஸரைக் கூப்பிட கார்டு அடிக்கும் மணி. வாசல் சரியாக இருந்து மணி மட்டும் கெட்டால் வரும் கோளாறுதான் மேலே சொன்னது. கார்டு பாக்கெட்டை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அக்காலத்தில் பரவலாக இருந்த என்இ2000 வகைக் கார்டில் அது வெறும் 16 கேபி. எடுக்க யாரும் வராததால் அதுவும் நிரம்பிவிடும்.

முகவரியில் ஒரு பொறி உண்டு. என்இ2000 ஒரே ஒரு முகவரியோடு நிற்பதில்லை, தொடர்ந்து 32 முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். பதினறும எண்ணில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் முறை) 300 என்று வைத்தால் 31எஃப் வரை அதற்கே. 360 என்று வைத்தால் 37எஃப் வரை போகும். நடுவில் 378இல் பிரிண்டர் போர்ட் உட்கார்ந்திருக்கிறது. 320 வைத்தால் சவுண்ட் கார்டின் மிடி போர்ட் வழக்கமாக இருக்கும் 330 உள்ளே வந்துவிடும். 300 அல்லது 280 பெரும்பாலும் தொல்லை தராது.

ஐஆர்கியூவில் 3 என்பது என்இ2000இன் பழைய இயல்புநிலை. அதே எண் இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் உரியது. 4 முதல் சீரியல் போர்ட்டுக்கு, 5 பெரும்பாலும் சவுண்ட் கார்டுக்கு, 7 பிரிண்டருக்கு, 14, 15 ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் ஆகியவற்றுக்கு. ஐஎஸ்ஏயில் ஒரு மணியை இருவர் பகிர முடியாது. ஆகவே 10 அல்லது 11 வையுங்கள். ஸ்லாட்டின் முதல் துண்டில் மட்டும் செருகும் 8 பிட் கார்டு என்றால் இது நடக்காது: அந்தக் கம்பிகள் ஸ்லாட்டின் இரண்டாவது துண்டில்தான் இருக்கின்றன. அப்போது பயாஸில் இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்துவிட்டு 3ஐ எடுத்துக்கொள்வதே வழி.

ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) உள்ள கார்டில் இவற்றைக் கையாலேயே மாற்றலாம். மின்கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொடுங்கள். தங்க முனைகள் மங்கியிருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். ஜம்பர் இல்லாத கார்டுக்குத் தயாரிப்பாளரின் செட்டப் நிரலை வெறும் டாஸ் இயங்குதளத்தில், வேறு டிரைவர் எதுவும் ஏற்றாமல் ஓட்டி, பிளக் அண்ட் பிளேயை (எண்களைத் தானாக ஒதுக்கும் வசதி) அணைத்து எண்களைப் பதிய வேண்டும். பிசிஐயும் உள்ள போர்டில் இன்னொரு வேலை: பயாஸில் ஐஆர்கியூ 10ஐ ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று ஒதுக்குங்கள். மறந்தால் அதை வேறொரு பிசிஐ கார்டுக்குப் பயாஸ் தூக்கிக் கொடுத்துவிடும்.

டாஸில் நெட்வொர்க் கார்டை இயக்கும் பாக்கெட் டிரைவருக்கு மூன்று எண்கள்: மென்பொருள் இன்டரப்ட் (மற்ற நிரல்கள் டிரைவரைக் கூப்பிடும் எண்) 60, ஐஆர்கியூ 10, முகவரி 300. இதில் 60க்கும் 300க்கும் முன்னால் பதினறும அடையாளமான 0x கட்டாயம். இல்லையென்றால் 300ஐ அது தசம எண்ணாக எடுத்துக்கொண்டு எங்கோ தேடும். 10 தசம எண்தான், அதற்கு அடையாளம் போட்டால் 16 ஆகிவிடும்.

இனி கோளாறைப் பிரித்தறியலாம். டிரைவர் காட்டும் மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) முழுக்க எஃப் எழுத்தாக இருந்தால் ஐ/ஓ முகவரி தப்பு: யாரும் இல்லாத வாசலைத் தட்டினால் அதுதான் திரும்பும். மேக் சரியாகத் தெரிந்தும் பதில் வரவில்லையா? பழைய கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு பிங் கொடுத்து, அங்கே ஏஆர்பி பட்டியலைப் (தன்னோடு பேசிய கணினிகளின் மேக் முகவரிகளை அது குறித்துவைக்கும் பட்டியல்) பாருங்கள். பழைய கணினியின் மேக் அதில் இருந்தால் பாக்கெட் வெளியே போகிறது, கேபிளும் நன்றாகவே இருக்கிறது. உள்ளே மணிதான் அடிக்கவில்லை.

பச்சை விளக்கை ஏன் நம்பக்கூடாது என்றால், 10 மெகாபிட் கார்டின் சிப் சுமார் 16 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பைத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். எதிர்முனையிலிருந்து அப்படித் துடிப்பு வந்தால் விளக்கு எரியும். இதில் பிராசஸருக்குப் பங்கே இல்லை. விளக்கே எரியாவிட்டால், வட்டமான கோஆக்சியல் இணைப்பியும் சேர்ந்த கார்டு என்றால், செட்டப்பில் எந்த இணைப்பி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாம் ஓடி, பிங் நன்றாக இருந்து, பெரிய கோப்பு மட்டும் ஊர்ந்தால், கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் சுவிட்சைக் கவனியுங்கள். பழைய 10 மெகாபிட் கார்டு ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும், பேசும். சுவிட்ச் போர்ட்டைக் கட்டாய ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் இரு திசையிலும்) வைத்திருந்தால் கார்டு பேசும்போதே அதுவும் பேசும். மோதலில் பாக்கெட்டுகள் உடையும். போர்ட்டை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.