பத்து மாடு வந்தது: கல்லூரி ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணம்

சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இருபது வருடங்களாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் முதலாண்டின் முதல் வாரத்தில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். வரிசையாக எழுந்து பெயர், ஊர், படித்த பள்ளி சொல்லச் சொல்வேன். பாதி வகுப்பு சொல்லி முடித்திருக்கும். ஒரு பெண் எழுந்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி நிற்பாள். வாய் திறக்காது. பின்னாலிருந்து யாராவது சிரிப்பார்கள். அவள் உட்கார்ந்துவிடுவாள். அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பெண்ணின் குரலை ஆங்கில வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும். பொன்னேரிக்கு உள்ளே ஒரு கிராமம். வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி. மணி அடித்ததும் என்னிடம் வந்து, "மேம், எனக்கு இங்கிலீஷ் வராது மேம். தமிழ் மீடியம்" என்றாள். ரத்த வகையைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறவியிலேயே அமைந்தது, இனி மாற்ற ஒன்றுமில்லை என்பதுபோல.

இப்படி வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதை என் வகுப்பிலேயே பார்க்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. கல்லூரி வாசல் அகலமாகியிருக்கிறது. மனதார மகிழ்கிறேன். ஆனால் உள்ளே வந்த பிள்ளையை ஆங்கில வகுப்பு எப்படி நடத்துகிறது என்ற கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம், "பேச வேண்டாம்மா, வீட்டைப் பத்தி நாலு வரி எழுதிட்டு வா" என்றேன். மறுநாள் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு வரி அப்படியே நினைவிருக்கிறது: "மை ஃபாதர் ஹேவிங் டூ கௌ. மார்னிங் ஃபைவ் ஓ கிளாக் ஹி கோ டு மில்க் சொசைட்டி."

வழக்கமாக என்ன செய்வோம்? சிவப்பு மையால் ஐந்து வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன். வட்டத்தைப் பார்க்கும் பிள்ளைக்குத் தான் முட்டாள் என்று மட்டும் புரியும், ஏன் தவறு என்று புரியாது.

அந்த வரிகளைத் தமிழாகப் படித்துப் பாருங்கள். "ரெண்டு மாடு இருக்கு" என்கிறோம். "பத்து மாடு வந்தது" என்றால் யாரும் திருத்தமாட்டார்கள். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய சொல்லை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வகுத்து வைத்திருக்கிறது. பன்மை காட்ட எண்ணே போதும், 'கள்' தேவையில்லை. ஆங்கிலத்துக்கு எண் போதாது. இரண்டு என்று சொன்ன பிறகும் மாட்டின் வாலில் ஓர் 'எஸ்' ஒட்டியாக வேண்டும். அவள் எழுதிய 'டூ கௌ' அறியாமையால் வந்ததில்லை, எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள ஓர் இலக்கண விதி அவள் கையில் வேலை செய்திருக்கிறது.

'ஹேவிங்' எங்கிருந்து வந்தது? 'போகிறார்' என்ற ஒரே சொல்லை நாம் தினமும் போவதற்கும் சொல்வோம், இந்த நிமிடம் போய்க்கொண்டிருப்பதற்கும் சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வடிவம். எதை எங்கே போடுவது என்று தெரியாத பிள்ளை, பார்க்கக் கொஞ்சம் ஆங்கிலமாகத் தெரிகிற 'இங்'கை எடுத்துக்கொள்கிறது. நேரத்தைச் சொன்ன விதமும் அப்படித்தான். 'காலைல அஞ்சு மணிக்கு' என்பதில் வேலை செய்வது கடைசியில் வரும் 'கு'. தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் 'அட்' முன்னால் வரும். பின்னால் தேடிக் கிடைக்காததால் அவள் விட்டுவிட்டாள்.

'ஹி கோ' பற்றிச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. "போகிறேன், போகிறாய், போகிறார், போகிறது, போகிறார்கள். எத்தனை விகுதி பார்த்தியா? இதுல ஒண்ணாவது தப்பா சொல்வியா? அப்பா போகிறேன்னு சொல்வியா?" என்று கேட்டேன். சிரித்தாள். "இங்கிலீஷ்ல அத்தனையும் போய், ஒரே ஒரு 'எஸ்' மிச்சம். ஹி, ஷி, இட் வந்தா மட்டும்." ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்குக்கூட இந்த 'எஸ்' பிந்தித்தான் வந்து அமைகிறது என்பதையும் சொன்னேன். பெரிய ஆறுதல் அது.

மொழியியல் இதை எப்போதோ சொல்லிவிட்டது. கற்பவரின் தவறுகள் அவர் மனத்துக்குள் ஓர் ஒழுங்கு உருவாகிவருவதன் சான்று என்று பிட் கார்டர் 1967-இல் எழுதினார். தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவில் ஒவ்வொருவரும் ஓர் இடைமொழியைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று 1972-இல் செலிங்கர் அதற்குப் பெயர் வைத்தார். ஆசிரியப் பயிற்சியில் இதையெல்லாம் படித்துத் தேர்வெழுதிவிட்டு, வகுப்புக்கு வந்ததும் சிவப்புப் பேனாவைத் திறக்கிறோம்.

உச்சரிப்பையும் இப்படியே பாருங்கள். 'இஸ்கூல்' என்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். தமிழில் மெய்யெழுத்து தனியாகச் சொல்லின் முதலில் வராது. அதனால் நாக்கு தானாக ஓர் இகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது, அதனால் 'புக்கு', 'கப்பு'. என்னை மிகவும் யோசிக்க வைத்தது 'பேக்'. முதுகு, பை, மூட்டை கட்டுவது ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'பேக்' தான். எழுத்தில் இல்லாத வேறுபாட்டைக் காது எப்படிப் பிடிக்கும்? இதற்கு ஒரு காகிதத் துண்டு போதும். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூன்றையும் சொல்லச் சொல்வேன். மூட்டை கட்டும் 'பேக்'குக்கு மட்டும் காற்று வந்து காகிதம் அசையும். மற்ற இரண்டில் பைக்கான சொல்லில் உயிரொலி கொஞ்சம் நீளும். பத்து நிமிடம் வகுப்பே காகிதத்தை ஊதிக்கொண்டிருக்கும். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே கஷ்டம்.

தமிழ் மீடியம் என்பதுதான் தடை என்று பெற்றோரும் நம்புகிறார்கள், சில ஆசிரியர்களும் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் தடை மௌனம்தான். தமிழை நன்றாகப் படித்த பிள்ளைக்கு விகுதி, உருபு, காலம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். அந்த அறிவை ஆங்கில வகுப்பில் பயன்படுத்த நாம்தான் விடுவதில்லை.

பாடத்திட்டத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், நான்கு செமஸ்டர். உரைநடை, கவிதை, சிறுகதை என்று பாடம் இருக்கும். ஆசிரியர் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பொருள் சொல்வார். தேர்வுக்கு முன்னால் முக்கியக் கேள்விகள் கைமாறும். ஐந்து கட்டுரையை மனப்பாடம் செய்த மாணவர் எழுபது மதிப்பெண் வாங்குவார். அதே மாணவரால் ரயில் பாஸுக்கு பொனஃபைடு சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு நாலு வரி எழுத முடியாது. கவிதையைக் குறை சொல்லவில்லை, எனக்குக் கவிதை பிடிக்கும். நினைவாற்றலைச் சோதித்துவிட்டு மொழியைச் சோதித்ததாக மதிப்பெண் போடுவதைத்தான் சொல்கிறேன்.

மாற்று வழி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அதை அறியும், சென்னையிலும் வகுப்புகள் நடந்தன. இலக்கணத்தை முன்னால் வைக்காமல் வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். பொருளில் கவனம் இருக்கும்போது மொழி உள்ளே இறங்குகிறது என்பதுதான் அடிப்படை. செயல்வழி மொழிக்கற்பித்தல் பற்றி உலகில் யார் எழுதினாலும் இந்தச் சோதனையைக் குறிப்பிடாமல் போவதில்லை. நம் ஊர் வகுப்பறையில் பிறந்ததை நம் ஊர்க் கல்லூரிகள் மறந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அதே ரயிலை நான் எடுத்துக்கொண்டேன். "காலை பத்து மணிக்கு சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத் தேர்வு. பொன்னேரியிலிருந்து ஒருவர் வர வேண்டும். நாலு நாலு பேராக உட்கார்ந்து வழி கண்டுபிடியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும். தவறை நான் திருத்தமாட்டேன்." வேளச்சேரி, அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை தெரியாது. அவள் தினமும் அதில்தான் வருகிறாள். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பக்கத்துப் பையன் வழியைத் தப்பாகச் சொன்னதும் தாங்க முடியவில்லை. "நோ நோ! மூர் மார்க்கெட் கெட் டவுன். ஃபர்ஸ்ட் சப்வே. சப்வே கிராஸ், தென் பார்க் டவுன் ஸ்டேஷன். தென் சேப்பாக்கம்" என்றாள். நாலு பேரும் எழுதிக்கொண்டார்கள். தகவல் தேவைப்பட்டதால் ஒருவருக்கும் சிரிக்க நேரமில்லை. அன்று வகுப்பு முடிந்து நான் வெகுநேரம் ஸ்டாஃப் ரூமில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கணக்கும் பார்க்க வேண்டும். என் வகுப்பில் 68 பேர், ஒரு மணி நேரம். எல்லோரும் சமமாகப் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதுவும் நான் வாயே திறக்காமல் இருந்தால்தான். இரண்டிரண்டு பேராகப் பேச விட்டால் அதே ஒரு மணியில் ஆளுக்கு அரை மணி கிடைக்கும். ஒரே ரயிலில் வரும் இரண்டு தோழிகள் தினமும் நாற்பது நிமிடம் பேசிக்கொண்டால் என் வகுப்பைவிட அது பெரிய வகுப்பு.

பெற்றோர் ஏமாறும் இடமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்று சுவரெல்லாம் விளம்பரம். ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. ஆசிரியர் துணையோடு ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேரம் என்பது பரவலாகப் பயன்படும் மதிப்பீடு. தினம் இரண்டு மணி வீதம் முப்பது நாள் போனாலும் 60 மணிதான். அந்த வகுப்புகளால் தயக்கம் கொஞ்சம் விலகலாம், சரளம் வராது. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

சொல்வளம் என்ற பெயரில் யாரும் பயன்படுத்தாத சொற்களை மனப்பாடம் செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த 2,000 அடிப்படைச் சொற்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் வடிவங்களான சொற்குடும்பங்களோடு சேர்ந்து, சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ஈடுகட்டிவிடும். கல்லூரிப் பாடநூலுக்கு எவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த 570 சொற்குடும்பங்கள் இன்னும் சுமார் 10 சதவீதம் தரும். அனலைஸ், அஸ்யூம், மெத்தட் மாதிரியான சொற்கள்தான், இயற்பியல் நூலிலும் வரும், வணிகவியல் நூலிலும் வரும். இவற்றைப் பட்டியலாக வைத்து உருப்போடாமல், எளிய நூல்களில் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு மெல்லிய புத்தகம், பாதி பக்கத்தை வாய்விட்டு வாசிப்பது வீட்டில். அகராதியை ஐந்தாறு சொற்களுக்கு மேல் திறக்க நேர்ந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு இன்னும் எளிதானதை எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் நாலு உறவினர் முன்னால், "காலேஜ் போறியே, எங்கே இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் நாங்கள் கஷ்டப்பட்டுத் திறந்த வாய் அந்த ஒரு நிமிடத்தில் மூடிக்கொள்கிறது.

பொன்னேரிப் பெண் இப்போது நான்காம் செமஸ்டரில் இருக்கிறாள். அலுவலகத்துக்கு மெயில் அவளே எழுதுகிறாள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' இரண்டும் மட்டும் இன்னும் வழுக்குகின்றன. போன வாரம் காட்டிய நோட்டில், "லாஸ்ட் மந்த் மை ஃபாதர் பாட் கௌ. கௌ கிவ்ஸ் எய்ட் லிட்டர்ஸ்" என்று இருந்தது. லிட்டருக்கு எஸ் வந்திருக்கிறது, 'கிவ்'வுக்கும் வந்திருக்கிறது.

"அப்பா மாடு வாங்கினாரா, மாட்டை வாங்கினாரா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "மாடு வாங்கினார் மேம். மாட்டைன்னா நமக்குத் தெரிஞ்ச மாடு மாதிரி ஆயிடுது."

"சரி. எட்டு லிட்டர் கறக்கிறது எந்த மாடு?"

"வாங்கின மாடு. அந்த மாடு" என்றாள். சொல்லிவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியில் ஓர் 'எ' செருகினாள், இரண்டாவது வரியின் தொடக்கத்தில், இடம் போதாமல் மார்ஜினைத் தாண்டி, 'தி' என்று எழுதினாள்.